பலகையில் நாற்பத்தொரு விநாடி

ஈரி, பென்சில்வேனியா
12 ஜனவரி 2025

ரொனோக் கோட்டையின் கடைசிக் காவலனும், என் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்துத் தொலைக்கும் ஒரே ஜீவனுமாகிய எல்வுட் தம்பிக்கு,

ஏரிக்கரையிலிருந்து காஸ் மாமா. இங்கே நான், என் முழங்கால், என் பூனை மூவரும் சௌக்கியம். பூனைக்கு மட்டும் கொஞ்சம் தலைக்கனம். நீயும் உன் வீட்டுக்காரி நேடீனும் நன்றாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன். பனியைப் பற்றிக் கேட்காதே. புத்தாண்டுக்கு மறுநாள் பெய்ததில் எதிர்வீட்டையே காணவில்லை. மூன்று நாள் கழித்து அந்த வீட்டுக்காரர் புகைபோக்கி வழியாகத் தலையை நீட்டி, "காஸ் மாமா, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார்.

சங்கதிக்கு வருகிறேன். எங்கள் லேக்மென்னுக்குச் சொந்த மைதானம் வந்துவிட்டது! நாற்பத்தெட்டு வருஷம் வாடகைக் குடித்தனம் நடத்திய கால்பந்துக் கிளப்புக்கு, கடைசியில் தன் பெயரில் ஒரு வாசல்.

எத்தனை இடத்தில் ஒண்டியிருந்தோம் என்று உனக்குத் தெரியும். முதலில் உயர்நிலைப் பள்ளி மைதானம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போட்ட வெள்ளைக் கோடுகள் நூறு. அவற்றுக்கு நடுவில் நம் கோடு ஒன்று, மஞ்சளில். எங்கள் இடது ஓரத்து ஆட்டக்காரன் ஒருவன் தப்பான கோட்டைப் பிடித்துக்கொண்டு பந்தோடு வாகன நிறுத்துமிடம் வரைக்கும் ஓடி, இரண்டு கார்களைத் தாண்டிய பிறகுதான் திரும்பினான். பிறகு பேஸ்பால் மைதானம். அங்கே பந்து வீசுகிறவன் நிற்பதற்கென்று நடுவில் ஒரு மண்மேடு. எங்கள் ஆட்டத்துக்கு முன்னால் அதை வெட்டி அள்ளி, புல்லைப் பாய் மாதிரி விரிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் திரும்பக் குவிக்க வேண்டும். நாங்கள் அள்ளிய மண்ணையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் பென்சில்வேனியாவுக்கு இன்னொரு மலைத்தொடர் கிடைத்திருக்கும்.

நடுவில் இரண்டு தடவை செத்தோம். எண்பத்து நான்கில் லீக்கே படுத்ததால் ஒரு தடவை, இரண்டாயிரத்து மூன்றில் முதலாளி படுத்ததால் ஒரு தடவை. எழுந்து உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அதே இரண்டாம் அடுக்கு. மேலே போக ஆட்டத்தில் ஜெயித்தால் போதாது, பெரும் பணக்காரன் ஒருவன் கையெழுத்துப் போடவேண்டும். கீழே தள்ளவும் ஆள் கிடையாது. மாடிப்படியின் நடுப்படியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். அந்தப் படியில் இருந்தபடி நாங்கள் பறித்த ஒரே நட்சத்திரம் 1995 கோப்பை. அதைப் புது வாசலில் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

திறப்பு விழா மே 17, சனிக்கிழமை. மேலாளர் டெலியா ரஸ்நாக் ஒரு யோசனை சொன்னாள். இடைவேளையில் அந்த இறுதி ஆட்டத்தின் கடைசி கோலை நடித்துக் காட்ட வேண்டுமாம். கோல் போட்ட டினோ ஃபெராண்டே தயார். இப்போது பல் மருத்துவர். வயிறு அவருக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து சேரும். எதிரணி கோல்கீப்பராக நீயேதான் வந்து நிற்க வேண்டும். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வா. உனக்காகப் பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி உருண்டைகள் ஒரு லாரி நிறைய வரவழைக்கிறேன்.

ஈரி மாநகரின் நிமிஷங்களுக்கும் விநாடிகளுக்கும் முன்னாள் சக்கரவர்த்தி,
காசிமிர் ஸ்விடா


ரொனோக், வர்ஜீனியா
27 ஜனவரி 2025

மரியாதைக்கு உரியவரும் நம்பிக்கைக்கு உரியவர் அல்லாதவருமான காஸ் மாமாவுக்கு,

உங்கள் ஊரே உங்களை மாமா என்கிறது என்று நானும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. இன்னும் ஒரு கடிதத்தில்கூட நீங்கள் அளவோடு பேசிப் பார்க்கவில்லை. உங்கள் பனியைப் படித்துவிட்டு எங்கள் ஊர் மலையே வெட்கப்பட்டு இரண்டு அடி குனிந்துகொண்டது. பாருங்கள், உங்கள் வியாதி எனக்கும் ஒட்டிவிட்டது.

நான் நலம். தபால் வண்டியில் இன்னும் அதே தடம், அறுநூற்றுப் பதினொரு பெட்டிகள், ஒன்பது நாய்கள். அவற்றில் ஏழு சிநேகிதம். "ஏன் மின்னஞ்சல் அனுப்பக்கூடாது?" என்று போன தடவை கேட்டிருந்தீர்கள். ஒரு தபால்காரனிடம் கேட்கிற கேள்வியா அது?

புது மைதானத்துக்கு என் வாழ்த்து, மனதார. உங்கள் கிளப் இரண்டு தடவை செத்து எழுந்தது. எங்கள் எஞ்சின்ஸ் கிளப் ஒரே தடவைதான் செத்தது, அதோடு சரி. மைதானம் இருந்த இடத்தில் இப்போது மரச்சாமான் கடை. கோல் கம்பம் நின்ற இடம் எதுவென்று எனக்குத் தெரியும். அங்கே சோபாக்கள் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் மாமா, நான் வரவில்லை. முழங்கால் சரியில்லை, மே மாதத்தில் லீவும் கிடைக்காது. நேடீனும், "அந்த மனுஷனுக்கு நன்றி சொல்லு. அப்படியே முடியாதுன்னும் சொல்லு. ரெண்டையும் ஒரே வரியில எழுதாதே," என்றாள். அதனால் இரண்டு வரியில் எழுதுகிறேன்.

நன்றி.

முடியாது.

ரொட்டியில் தடவும் ஆப்பிள் பசை ஒரு ஜாடி தனியாக வருகிறது. பூனைக்குக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
எல்வுட் டாலிவர்


ஈரி
9 பிப்ரவரி 2025

முடியாது என்று எழுதும்போதுகூட கையெழுத்து அழகாக இருக்கும் எல்வுட் தம்பிக்கு,

ஜாடி வந்தது. பூனை அதைப் பார்க்கவில்லை. நானும் பாதிதான் பார்த்தேன், அதற்குள் தீர்ந்துவிட்டது.

உன் முழங்காலைப் பற்றிப் போலிஷ் சங்கத்தில் எல்லோரிடமும் சொன்னேன். டினோ மட்டும் கவலைப்பட்டார்.

"மாமா, கீப்பர் வர்றாரா இல்லையா? வர்றாருன்னா நான் இன்னிக்கே எடையக் குறைக்கணும்."

"எவ்வளவு குறைக்கணும் டாக்டர்?"

"முப்பது வருஷத்தை மூணு மாசத்துல."

இப்போது ஆடுகிற பிள்ளைகளிடம் நம் காலத்துக் கதையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். உலகம் முழுக்க ஆட்டத்தின் நேரம் நடுவரின் மணிக்கட்டில் இருந்தது; இந்த நாட்டில் மட்டும் என் ஆள்காட்டி விரலில். ஸ்கோர் பலகையில் நாற்பத்தைந்து நிமிஷத்திலிருந்து சுழியம் நோக்கித் தலைகீழாக ஓடும் கடிகாரம். நடுவர் கையை உயர்த்தினால் பொத்தானை அழுத்தி நிறுத்துவேன். இறக்கினால் அழுத்தி ஓடவிடுவேன். பலகை சுழியத்தைத் தொட்டதும் ஊதல் தானாக அலறும். பந்து கோலுக்குள் பாதி போயிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. சூரியனே என் கடிகாரக் கூண்டுப் பக்கம் திரும்பி, "மாமா, மறையலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறையும்.

1995 செப்டம்பர் பதினாறு நினைவிருக்கிறதல்லவா? நாற்பதாயிரம் பேர். (டெலியா பழைய ஏட்டைப் பார்த்து நாலாயிரத்து இருநூறு என்கிறாள். எழுதியவனுக்கு ஒரு சுழியம் போட மறந்திருக்கும்.) ஆளுக்கு ஒன்று என்று சமன். இன்னும் ஒரு நிமிஷம்கூட இல்லை. உங்கள் தலைவன் ஹார்லன் பிக்ஸ் தசைப்பிடிப்பில் சுருண்டு விழுந்தான். நடுவர் கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். அதை நான் வேறு சொல்வானேன்.

முழங்காலைக் காரில் ஏற்று, மீதியை நீ ஓட்டு. வருவாய்தானே?

பிடிவாதத்தில் கழுதைகளுக்கே பாடம் நடத்துகிற,
காஸ் மாமா


ரொனோக்
25 பிப்ரவரி 2025

காஸ் மாமா,

முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. லீவும் கிடைக்கும். பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். நிஜக் காரணத்தை எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

ஹார்லன் எழுந்து, ஆட்டம் மறுபடி ஆரம்பித்து, உங்கள் ஆட்கள் உயரமாக ஒரு பந்து அனுப்பினார்கள். நான் தாவிப் பிடித்தேன். பந்து என் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தேன். நாற்பத்தொரு விநாடி.

நான்கு விநாடி என்று இருந்திருந்தால் பந்தைக் கட்டிக்கொண்டு தரையில் படுத்திருப்பேன். சமன் ஆனால் ஒற்றைக்கு ஒற்றை. ஓடிவருகிற ஒருவன், எதிரே நான். அந்த வருடம் அப்படி நான்கு ஆட்டம் போனது, நான்கிலும் ஜெயித்தோம். ஆனால் நாற்பத்தொரு விநாடி என்பது ஒரு தாக்குதலுக்குப் போதும். ஆசைப்பட்டேன். ஓரத்தில் நின்ற எங்கள் ஆளுக்கு அவசரமாக எறிந்தேன். டினோ குறுக்கே புகுந்தார். நான் முன்னால் வந்திருந்தேன். பின்னால் கோல் காலி.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கிளப்பை வாங்க ஒருவர் தயாராக இருந்தார். "கோப்பையோட வாங்க, பேசலாம்," என்று சொல்லியிருந்தார். கோப்பையோடு போகவில்லை, அவரும் பேசவில்லை. டிசம்பரில் பூட்டுப் போட்டார்கள். அணியில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. வருடா வருடம் கூடுகிறார்கள், அழைப்பு வருகிறது, நான் போனதில்லை. போன அக்டோபரில் ஹார்லன் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நீங்கள் மட்டும்தான் எழுதினீர்கள். முகம் தெரியாத ஒருவரிடமிருந்து அந்த நவம்பரில் ஒரு கடிதம். "தம்பி, அந்தக் கோல் உன் தப்பு இல்லை" என்று முதல் வரி. அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு வந்த ஒரே கடிதம் அது. அதற்காக உங்களுடைய எல்லாப் பொய்களையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்தப் பந்தை மறுபடி எறியச் சொல்லாதீர்கள்.

எல்வுட்


ஈரி
4 மார்ச் 2025

எல்வுட்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பனி. சரியாக எவ்வளவு என்று அளக்கவில்லை. பிறகு எழுதுகிறேன்.

காஸ்


ஈரி
23 மார்ச் 2025

எல்வுட்,

இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஆறு என்றால் ஆறுதான்.

நடுவர் கையை உயர்த்தியபோது பலகையில் 58 விநாடி. நிறுத்தினேன். ஹார்லன் எழுந்தார். நடுவர் கையை இறக்கினார். நான் பொத்தானை அழுத்தவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. கூண்டின் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு உங்கள் ஆட்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன். என்ன கிண்டல் என்றுகூட நினைவில்லை. பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாமல் இன்னொன்று சொன்னேன். உள்ளே திரும்பினபோது ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, பலகை 58-லேயே நின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அழுத்தினேன். அரை நிமிஷம் போயிருக்கும். அதற்கு மேலும் இருக்கலாம்.

எல்லார் கண்ணும் பந்தின் மேல். நடுவரும் பலகையைத்தான் நம்பினார். அந்த நொடியே ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டினோ கோல் போட்டுவிட்டார். மைதானமே எழுந்து நின்றது. ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார். திறந்த வாயை அதற்குப் பிறகு மூடிக்கொண்டேன்.

நீ பந்தைப் பிடித்தபோது நேரம் ஏறக்குறைய முடிந்திருந்தது என்று நினைக்கிறேன். நீ பார்த்த நாற்பத்தொரு விநாடி நான் உனக்குக் காட்டிய பொய்.

நவம்பரில் உனக்கு எழுதிய அந்த முதல் வரி மெய். அது மெய் என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதை அடுத்த வரியில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. முப்பது வருஷம் அந்த வரிக்குப் பதிலாக உனக்குப் பனியையும் பூனையையும் எழுதினேன்.

உனக்குள்ளே இது இவ்வளவு கனமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல வந்தேன். அதுவும் பொய். கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமல் இருந்தேன்.

காசிமிர் ஸ்விடா


ரொனோக்
2 ஏப்ரல் 2025

திரு. காசிமிர் ஸ்விடா அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்தேன். நேடீனும் படித்தாள்.

நான் மட்டும் படிக்கக்கூடிய உண்மை எனக்கு உபயோகப்படாது. என்னைத் தோற்றவன் என்று நினைப்பவர்கள் நாலாயிரத்து இருநூறு பேர். அவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. அவர்களிடம் சொல்லுங்கள்.

எல்வுட் டாலிவர்


ஈரி
28 ஏப்ரல் 2025

எல்வுட்,

நீ பதில் எழுத வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் தேதி, தவக்கால வெள்ளி. எங்கள் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. நூற்றைம்பது பேர், தட்டை எண்ணித்தான் மீன் போடுகிறார்கள், அதனால் இது சரியான எண். நாற்காலி மேல் ஏறி நின்று, உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். முடித்ததும் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது.

"மாமா, போன வருஷம் ஏரியில திமிங்கலத்தப் பாத்தேன்னீங்களே!"

"போப்பாண்டவர் வந்து உங்ககிட்ட மணி கேட்டார்னு சொன்னது?"

"கொஞ்சம் பொறுங்க, அந்தக் கோலையும் நான்தான் அடிச்சேன்னு அடுத்த வாரம் சொல்வாரு!"

"சத்தியமா சொல்றேன்," என்றேன்.

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணீங்க மாமா!"

கைதட்டினார்கள். பரிமாறுகிற அம்மாள் எனக்கு ஒரு துண்டு மீன் அதிகம் வைத்து, "வருஷா வருஷம் உங்க கதை மெருகேறுது," என்றாள். எழுபத்தாறு வயதில் ஒரே ஒரு மெய் சொன்னேன், வாங்க ஆள் இல்லை. உட்கார்ந்து அந்த மீனைத் தின்றேன்.

சிரிக்காதவர் டினோ ஒருவர்தான். ஈஸ்டர் முடிந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். உள்ளூர்த் தொலைக்காட்சி எடுத்த அந்த ஆட்டத்தின் வீடியோ நாடா அவரிடம் இருக்கிறது. திரையின் மேல்மூலையில் எங்கள் பலகையும் தெரிகிறது. டினோ கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரம். நடுவர் கை இறங்கியது, டினோ அழுத்தினார். பலகை 58. ஆட்டம் ஓடுகிறது, பலகை 58. பலகை அசைந்தபோது நிறுத்தினார். நாற்பது விநாடி.

"இன்னொரு தடவை ஓட்டுங்க மாமா," என்றார்.

நாற்பது.

"இன்னொரு தடவை."

நாற்பது. நாடாவை மேலே ஓடவிட்டோம். நீ தாவுகிறாய், பிடிக்கிறாய், தலையைத் தூக்குகிறாய். பலகையில் 41. அதில் நாற்பதைக் கழித்துக்கொள். ஒரு விநாடி. நீ எறிவதற்குள் ஊதல் அலறியிருக்க வேண்டும். ஆட்டம் உன் கைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

டினோ நாடாவை வெளியே எடுத்தார். பிறகு, "என் பொண்ணு கல்யாணத்துல இந்தக் கோலைத் திரை போட்டுக் காட்டினோம், மாமா," என்றார். கொஞ்சம் கழித்து, "நீங்க மட்டும் பேசினா சிரிப்பாங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்," என்றார்.

இருவருமாக டெலியாவிடம் போனோம். "சட்டை தச்சாச்சு, நட்சத்திரத்தக் கல்லுல வெட்டியாச்சு, இப்ப வந்து என் தலையில கல்லப் போடுறீங்களே!" என்றாள். நாடாவைப் பார்த்தாள். மேஜையில் விரலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "இந்தக் கிளப்புக்கு மிச்சம் இருக்கிறதே பேரு ஒண்ணுதான். சரி. நடிப்பும் வேண்டாம், கிடிப்பும் வேண்டாம். இடைவேளையில நாலு நிமிஷம் தர்றேன். கடிகாரத்த நான் பிடிச்சுக்கிறேன்."

மே பதினேழாம் தேதி சொல்லப்போகிறேன். உன்னை வரச்சொல்லி இதை எழுதவில்லை.

காஸ்


ரொனோக்
3 ஜூன் 2025

காஸ் மாமா,

பதினேழாம் தேதி நான் அங்கே இருந்தேன். நேடீன்தான் காரை ஓட்டினாள். வாசலில் டிக்கெட் வாங்கிக்கொண்டு முரசு கொட்டுகிறவர்களுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் கொறிக்க உப்புப் பிஸ்கட் நீட்டினார்.

"எந்த ஊரு நீங்க?"

"ரொனோக்."

"அங்க டீம் இருக்கா?"

"இருந்துச்சு," என்றேன்.

நல்ல மைதானம். கோடுகள் எல்லாம் நம்முடையவை. கல்லில் இருந்த நட்சத்திரத்தையும் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று செய்திருக்கிறார்கள்.

நீங்கள் ஒலிவாங்கி முன்னால் வந்தபோது ஊரே சிரிக்கத் தயாரானது. நீங்கள் பேசப் பேசச் சிரித்தது. முரசு ஒருமுறை அடிக்கவும் செய்தார்கள். பிறகு டினோ உங்களிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கி, "இது மெய்," என்றார், இரண்டே வார்த்தை. பெரிய திரையில் நாடா ஓடியது. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரிந்தது. பலகை 58-லேயே நிற்பதை அவர்கள் தாங்களாகவே எண்ண ஆரம்பித்த இடத்தில். ஒருவன், "போதும் மாமா, நிறுத்துங்க!" என்று கத்தினான். சிலர் ஊளையிட்டார்கள். எனக்கு உப்புப் பிஸ்கட் கொடுத்த அம்மாள் கழுத்திலிருந்த கிளப் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீங்கள் ஊளை அடங்கும்வரை நின்றீர்கள். பிறகு, "பந்து எல்வுட் டாலிவர் கையில இருந்துது. ஆட்டம் முடிஞ்சிருக்கணும்," என்று சொன்னீர்கள்.

நேடீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனுஷன் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லல," என்றாள்.

பக்கத்து அம்மாளிடம் நான் யார் என்று சொல்லவில்லை. அவரே என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நாங்கள் எழுந்தபோது காலை ஒதுக்கி வழிவிட்டார்.

உங்களைப் பார்க்காமல் வந்ததற்குக் காரணம் சொல்கிறேன். பார்த்திருந்தால் கை கொடுத்திருப்பேன். கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் இருவருமே நினைத்திருப்போம். எனக்கு இன்னும் சரியாகவில்லை. காலையில் பல் துலக்கும்போது கோபம் வருகிறது. வண்டியில் போகும்போது உங்களுடைய ஏதாவது ஒரு கதை ஞாபகம் வந்து சிரிப்பு வருகிறது. அதன் பிறகு சிரித்ததற்காகக் கோபம் வருகிறது. நீங்கள் முதல் கடிதத்தை அன்பினால் எழுதினீர்களா, பயத்தினால் எழுதினீர்களா என்று நேடீனிடம் கேட்டேன். "ரெண்டும்தான். அதுக்காக நீ முப்பது வருஷம் சிரிச்சது பொய்யாயிடாது," என்றாள். அவள் சொல்வது சரியாக இருக்கும். எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

நட்சத்திரத்தைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் ஊர்க்காரர்கள் பாடு. எனக்கு அதில் ஆசை இல்லை. ஒற்றைக்கு ஒற்றையில் நாங்கள் தோற்றிருக்கவும் கூடும். ஆனால் எல்லோரும் சேர்ந்து தோற்றிருப்போம்.

இனி கொஞ்ச காலம் உங்களுக்கு எழுத மாட்டேன். பத்துக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அன்று என்னோடு களத்தில் நின்ற பத்துப் பேர். ஏழு பேர் இருக்கிறார்கள், மூன்று பேருக்குக் குடும்பம் இருக்கிறது. டினோவிடம் சொல்லி நாடாவுக்குப் பிரதிகள் அனுப்பச் சொல்லுங்கள்.

முதல் கடிதத்தை ஹார்லனின் மனைவிக்கு எழுதி ஒட்டிவிட்டேன். அவர் வீடு என் தடத்திலேயே இருக்கிறது, நானூற்றுப் பன்னிரண்டாவது பெட்டி. இத்தனை வருடமும் வண்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தபாலைப் போட்டுவிட்டு, அவர் வாசலுக்கு வருவதற்குள் நகர்ந்துவிடுவேன். நாளைக்கு இதைப் பெட்டியில் போடப்போவதில்லை. வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்க் கதவைத் தட்டுவேன்.

எல்வுட் டாலிவர்
கோல்கீப்பர், ரொனோக் எஞ்சின்ஸ்